கேட்ட நாள்

முஸாஃபரை மதுரை ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குக் கூட்டிவந்தது என் வண்டிதான். பந்தல்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன் நான். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களை ஏற்றி ஏற்றி எனக்குப் பழக்கம். அட்டைப்பெட்டி, கம்பளி, சென்ட்டு வாசம் என்று டிக்கி மூடாது. இவர் தோளில் ஒரே ஒரு பை. பொதுமன்னிப்பில் வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். விசா முடிந்தும் ஒளிந்து வாழ்கிறவர்கள், அபராதம் இல்லாமல், ஜெயில் இல்லாமல், இந்தத் தேதிக்குள் ஊர்போய்ச் சேரலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் கதவைத் திறந்துவிடும். கிடைத்த சட்டையோடு ஓடி வருவார்கள்.

அவருடைய மச்சினன் அப்துல் கனி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முஸாஃபர் பின்னால் ஏறினார், கதவைச் சாத்தவில்லை. இன்னும் யாராவது வரணுமா என்று கேட்டேன். "இல்லண்ணே" என்றார். நான்தான் இறங்கிப்போய்ச் சாத்தினேன். அருப்புக்கோட்டை வரைக்கும் ஓரமாக ஒடுங்கியபடியே வந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. எனக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை.

எந்த நாடு என்று வெளியே சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே வந்தும் அந்தப் பயம் போகவில்லை. வீட்டு டிரைவராகப் போனவர். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்காமல் இழுத்தடிக்க, ஒருநாள் வெளியேறிவிட்டார். அன்றிலிருந்து அவர் 'கல்லிவல்லி'. காகிதம் இல்லாமல் திரிகிறவர்களுக்கு அங்கே நம் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் அது. பகலில் தெருவில் நடக்கப் பயம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். ஊரில் வாப்பா மவுத்தாகி அடக்கம் நடந்தபோதும் போனில்தான் அழுதார். பதினாறு வருஷம் இப்படியே போயிற்று.

வந்தபிறகு பந்தல்குடியில் மச்சினனின் பிளாஸ்டிக் சாமான் கடையில் உட்கார்ந்தார். ரோட்டில் போலீஸ் ஜீப் நின்றால் போதும், பின்பக்கம் போய்விடுவார். "பாய், அவுக டீ குடிக்க நிக்கிறாக. ஒம்ம பக்கெட்டுக்குள்ள போயி ஒளியாதீரும்" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போவார்.

அவர் வந்த மறுநாளே பாளையம்பட்டியில் இருக்கிற அவர் வீட்டுக்குச் சந்தனம்மாள் வந்துவிட்டார். அந்தம்மாவுக்குத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அவருடைய கணவர் மருதுபாண்டி கொத்தனார். முஸாஃபரோடு ஒரே அறையில் இருந்தவர், அவரும் கல்லிவல்லிதான். இரண்டு பேரும் மச்சான், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். முன்பொரு முறை பொதுமன்னிப்பு வந்தபோது முஸாஃபர் கிளம்பப் பார்த்திருக்கிறார். "பிள்ளைய காலேஜ் படிக்க வச்சிட்டு அடுத்த மன்னிப்புல போவம் மச்சான், ஒண்ணாவே போவம்" என்று நிறுத்தி வைத்தது மருதுபாண்டிதான்.

தலை நிறையப் பூ வைத்து வந்து நின்ற அந்தம்மாவிடம் முஸாஃபர் சொன்னது இதுதான்: "நல்லா இருக்காக தங்கச்சி. வேற எடத்துக்கு வேலைக்குப் போயிட்டாக. அங்க போனு எடுக்காது."

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். சந்தனம்மாள் வாரம் தவறாமல் கடைக்கு வந்தார். அவுக இருமல் நின்னுருச்சா, அங்கே யாரு பொங்கிப் போடுறாக, இந்த மன்னிப்புல ஏன் வரல என்று கேட்பார். இவர் குனிந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பதில் சொல்வார். அந்தம்மா பஸ் ஏறிப் போனபிறகு இவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அப்புறம்தான் கல்யாணப் பேச்சு வந்தது. மருதுபாண்டியின் மகள் தேவிபிரியாவுக்குத் திருச்சுழியில் நல்ல இடம். மாப்பிள்ளைக்கும் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா தங்கசாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம். பெண்ணின் அப்பா உயிரோடு இருக்கிறாரா? கூட இருந்தவர் வந்து சொன்னால் நிச்சயம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"ஒரு வார்த்த வந்து சொல்லிட்டுப் போங்கண்ணே" என்று சந்தனம்மாள் முஸாஃபரைக் கூப்பிட்டார்.

அந்தம்மாவையும் ஊரில் ஏற்றிக்கொண்டு திருச்சுழி போவதாக ஏற்பாடு. காலையில் நானும் முஸாஃபரும் மட்டும் கிளம்பினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. வெயில் ஏறியிருந்தது. எங்கேயோ கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"அண்ணே, மருது செத்துப் போயிட்டான்" என்றார்.

நான் இன்ஜினை அணைத்தேன்.

"ஒரு வெள்ளிக்கெழம. நெஞ்சு கரிக்குது மச்சான்னான். சோடா வாங்கிக் குடுத்தேன். ரெண்டு மொடக்கு குடிச்சவன் அப்படியே சாஞ்சான். ஆம்புலன்ஸக் கூப்பிட்டா கூடவே போலீஸு வரும். ரூம்ல ஒருத்தனுக்கும் காயிதம் கெடையாது. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னோம். யாருக்கும் போன எடுக்கத் தைரியம் வரல. அந்தப் பாத்துக்கிட்டு நின்ன நேரத்துலதான் அவன் போனான்."

பிறகு நடந்ததையும் சொன்னார். அறையில் இருந்தவர்கள் மருதுபாண்டியைத் தவிர எல்லாரும் முஸ்லிம்கள். செத்தவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது அவர்கள் முறை மட்டும்தான். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஒருவர் மக்காவுக்கு உம்ரா போனபோது உடுத்திய வெள்ளைத் துணியை எடுத்துச் சுற்றினார்கள். அத்தர் பூசினார்கள். ஆளை அடையாளம் கண்டுபிடித்து அறைக்குப் போலீஸ் வந்துவிடக் கூடாது என்று போனையும் பழைய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு வேனில் கொண்டுபோய், ஒரு ஆஸ்பத்திரியின் பக்கச் சுவர் நிழலில் கிடத்தி, முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

"மரியாதன்னு நெனச்சுத்தான் செஞ்சோம். அந்தக் கோலத்தப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்காரக எங்க ஆளுன்னே முடிவு பண்ணிட்டாக. குளிப்பாட்டுன மலையாளத்துக்காரரு, சுன்னத்து இல்லாததப் பாத்துட்டு, புதுசா மார்க்கத்துக்கு வந்தவரு போலன்னு சொன்னதாப் பொறவு காதுல விழுந்துச்சு. தொழ வச்சு அடக்கம் பண்ணிட்டாக. பேரு இல்லாத மண்ணு. பூக்குழி எறங்குனவன் அண்ணே அவன். அவனுக்கு ஒரு கொள்ளி இல்லாமப் பண்ணிட்டோம்."

அங்கே கைரேகையை எடுத்துப் பார்த்திருந்தால் பெயர் தெரிந்திருக்கும். பார்த்தார்களோ இல்லையோ, திருச்சுழிப் பக்கம் ஒரு தகவலும் வரவில்லை. ஒரு ஏழைக் கொத்தனாரின் விரலைப் பிடித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

அடுத்த பெருநாள் வருவதற்குள் பொதுமன்னிப்பு அறிவித்துவிட்டார்கள். வரிசையில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடும் சத்தம் கேட்டதாம், பீடி வாசமும் சேர்ந்து. ஒண்ணாவே போவம் என்றவன் வந்து நிற்கிறான் என்று முஸாஃபர் திரும்பவே இல்லை. "வண்டியிலயும் இருக்கான். கடையிலயும் இருக்கான். ஒண்ணும் பேச மாட்டான். பேசிட்டாக் கூடத் தேவலண்ணே."

பட்டப்பகல்தான். ஆனாலும் நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால் இந்த மனுஷன் செத்துப்போவார் என்று தோன்றியது. வண்டியை எடுத்தேன். சந்தனம்மாளை ஊரில் ஏற்றிக்கொண்டு திருச்சுழி போய்ச் சேர்ந்தோம்.

தங்கசாமி ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிற ஆள். எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணுக்கு அப்பா கல்யாணத்துக்கு வரணும்னு நான் கேக்கல. உசுரோட இருந்தாச் சரி. சாவ மறைச்சுப் பண்ணுற கல்யாணம் வெளங்காது பாய். தகப்பன் செத்த வருசத்துல எங்கள்ல தாலி கட்ட மாட்டோம். மருதுபாண்டி இருக்காரா, இல்லையா?"

"இருக்காக" என்றார் முஸாஃபர். கண் காப்பித் தம்ளர்மேல் இருந்தது.

"சத்தியமா?"

முஸாஃபர் சந்தனம்மாளைப் பார்த்தார். அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க அல்லா மேல சத்தியம் பண்ணுங்க பாய். அதுக்கு மேல நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

நான் முஸாஃபரைப் பார்த்தேன். வேலையை விட்டு ஓடியபோதும், பதுங்கிக் கிடந்தபோதும் ஒரு வேளைத் தொழுகையையும் விடாதவர். அறை வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்ட நாளில்கூட உள்ளே தொழுதுகொண்டுதான் இருந்தாராம்.

"அல்லா மேல சத்தியமா, மருதுபாண்டி உசுரோட இருக்காக" என்றார்.

தங்கசாமி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இனிப்புத் தட்டு வந்தது. முஸாஃபர் எடுத்த லட்டு கையிலேயே உதிர்ந்தது.

திரும்பும்போது பின்சீட்டில் சந்தனம்மாள், முன்சீட்டில் முஸாஃபர். ஊர் நெருங்கும்போது அந்தம்மாதான் பேச்சை எடுத்தார்.

"எங்கள்ல ஒரு மொற உண்டுண்ணே. தூரதேசத்துல செத்தா, செத்த நாளு கணக்கில்ல. சேதி காதுல விழுந்த நாள்தான் சாவு நாளு. அன்னைக்குத்தான் தீட்டு, அன்னைக்குத்தான் அழுக. கேக்குற வரைக்கும் அவுக இருக்காக."

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். அந்தம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே குரலில் தொடர்ந்தார்.

"மகளுக்குக் கல்யாணம்னு சொல்லிவிட்டும் ஒரு போனு பண்ணாத மனுசனா அவுக? கல்யாணம் முடியட்டும். மறுவீடு முடிஞ்சு நானே வாரேன். அன்னைக்கு எல்லாத்தையும் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வாயத் தெறக்காதீக."

முஸாஃபர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். சந்தனம்மாள் பட்டுச்சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து, வந்தவர்களை வாய்நிறைய வாங்க வாங்க என்றார். அப்பா எங்கே என்று கேட்டவர்களிடம், லீவு கிடைக்கல என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். முஸாஃபர் மண்டபத்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். சாப்பிடவில்லை. பொய்ச்சத்தியத்துக்குப் பரிகாரமாக நோன்பு பிடித்திருந்தார்.

மறுவீடு முடிந்த மறுநாள் காலையில் சந்தனம்மாள் பந்தல்குடியில் வந்து இறங்கினார். தலையில் மல்லிகை, நெற்றியில் குங்குமம். அப்துல் கனி ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். நானும் நகரப் பார்த்தேன். "நீங்க இருங்க டிரைவரண்ணே, பொறவு வீட்ல கொண்டு விடணும்" என்றார்.

"இப்பச் சொல்லுங்கண்ணே. இன்னைக்குத்தான் அவுக சாகணும்."

முஸாஃபர் ஒன்றையும் மறைக்கவில்லை. சோடா, பார்த்துக்கொண்டு நின்றது, வெள்ளைத் துணி, அத்தர், ஆஸ்பத்திரிச் சுவர், பெயரில்லாத மண் எல்லாவற்றையும் சொன்னார். ரோட்டில் தூத்துக்குடி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஹாரன் சத்தத்தில் அவர் குரல் அமுங்கும்போதெல்லாம் அந்தம்மா, "கேக்கல, திருப்பிச் சொல்லுங்க" என்றார். அவரும் திருப்பிச் சொன்னார்.

முடிந்ததும் அந்தம்மா தலைப்பூவைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை.

"மண்ணுல வச்சது பரவாயில்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சதச் செஞ்சீக. கல்யாணத்துக்காக ஒங்க சாமி மேல பொய்ச்சத்தியம் பண்ணுனீக, அத நான் மறக்க மாட்டேன்" என்றார். "ஆனா, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னீகளே. அப்ப அவுகளுக்கு உசுரு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றார் முஸாஃபர்.

"கண்ணத் தெறந்திருந்தாகளா?"

"தெறந்திருந்தாக."

"ஒங்களப் பாத்தாகளா?"

முஸாஃபர் ஆமென்று தலையை ஆட்டினார்.

சந்தனம்மாள் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்த ஊரு சர்க்காரு ஒங்களுக்கு மன்னிப்புக் குடுத்து அனுப்பிருச்சு. நான் இன்னும் குடுக்கலண்ணே. குடுக்க மனசு வருமான்னு தெரியல. வந்தா நானே வந்து சொல்லுறேன்."

வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அந்தம்மா வாய்விட்டு அழத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன ஏதென்று ஓடிவந்தார்கள்.

கொள்ளியும் கருமாதியும் எப்படிச் செய்தார்களோ தெரியாது. எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அருப்புக்கோட்டைப் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் முஸாஃபர் கடைக்கு வெளியே வந்து, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். பஸ் கிளம்பிப் போனபிறகுதான் உள்ளே போகிறார். அந்தம்மா இன்னும் வரவில்லை.