இச்சாமதியில் ஆடிப் பதினெட்டு

என் வாய் கொஞ்சம் நீளம். பிறந்த வீட்டில் சொன்னார்கள், வந்த வீட்டில் சொன்னார்கள், பாங்கில் என் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் வங்காள பாஷையில் சொன்னார்கள். நான் யாரையும் சட்டை செய்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது என்னைப் பற்றித்தான் என்பது, எல்லைக் காவல்காரர்களின் தகரக் கொட்டகைக்கு வெளியே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றைப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கல்கத்தா வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. ஒரு வருஷம் தவறாமல் கங்கைக் கரைக்குப் போய், காதோலை கருகமணி, சீப்பு, சின்னக் கண்ணாடி, மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து, வாழைமட்டையில் வைத்து, அகல் ஏற்றித் தண்ணீரில் விட்டுவிடுவேன். புதுவெள்ளம் வரும்போது ஆற்றுக்கு மசக்கை, அவளுக்குச் சீர் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கங்கைக்கு அந்தக் கணக்குத் தெரியுமோ என்னவோ, வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருஷம் வீட்டுக்காரர் விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்குப் பத்தொன்பது வயது, காலேஜில் இரண்டாம் வருஷம். "நீ வரலைன்னா நான் தனியா எப்படிடி போவேன்?" என்று கேட்டதற்கு, எல்லையோர ஊரான டாக்கிக்குப் போய் இச்சாமதி ஆற்றில் படகு சவாரி என்றால் வருகிறேன், அழுக்குப் படித்துறைக்கெல்லாம் வரமாட்டேன் என்று வங்காளத்தில் பதில் வந்தது. அவள் எனக்கு எப்போதும் வங்காளத்தில்தான் பதில் சொல்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் வங்காளத்தில் சொல்வாள். எங்கள் வீட்டில் அது பழகிப்போன விஷயம்.

அதற்குக் காரணம் நான்தான். அவளுக்கு ஆறு மாசம் ஆனபோதே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். டாலிகஞ்சில் நாங்கள் இருக்கும் காலனியில், கீழ்வீட்டுக் காக்கிமாதான், நம் ஊரில் சித்தி என்போமே அப்படி, அவளைப் பார்த்துக்கொண்டாள். காக்கிமா வீட்டார் பிரிவினையில், இன்றைக்குப் பங்களாதேஷாக இருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் பேசும் வங்காளத்தில் இன்னமும் அந்தக் கரையின் வாடை அடிக்கும். என் மகளும் அதையேதான் பேசுவாள். காலேஜில் தோழிகள் கேலி செய்வார்களாம். எனக்கு எல்லா வங்காளமும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

புறப்படும்போதே சண்டை. கிழிந்த ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நல்ல நாளும் அதுவுமா இதத் தூக்கிக்கிட்டா வருவ? பாக்கறவ என்னயத்தான் காறித் துப்புவா" என்று வாசலிலேயே கத்தினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு பை மாற்றினாள். அவளுடைய ஆதார், காலேஜ் கார்டு எல்லாம் அந்தக் கிழிந்த பையிலேயே தங்கிவிட்டன.

சியால்டாவில் லோக்கல் ஏறி இரண்டு மணி நேரம். டாக்கி ரோடு ஸ்டேஷனில் இறங்கி டோட்டோ என்கிற பாட்டரி ரிக்ஷா பிடித்துப் படித்துறைக்குப் போனால், படகில் ஏறுமுன் அடையாள அட்டையைக் காவல்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஆற்றின் நடுமத்தியில்தான் எல்லை. எதிர்க்கரை பங்களாதேஷ். மகள் பையைத் துழாவிவிட்டு என்னைப் பார்த்தாள். போனில் இருக்கிறது என்று எடுத்தாள், அது சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை.

இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா? பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் அட்டை இல்லாமலும் விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அவள் படகைப் படமெடுக்க நகர்ந்த நேரத்தில், ரிஜிஸ்டர் வைத்திருந்தவரிடம் என் பாங்க் ஹிந்தியில் சொன்னேன்: "ஸ்கூல்ல படிக்கிற பொண்ணு. பதினேழு வயசு. கார்டு ஸ்கூல்ல வாங்கி வச்சிருக்காங்க." அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். என் நரைமுடியையும் கையிலிருந்த பூஜைக்கூடையையும் பார்த்தார். பதினேழு என்று எழுதிக்கொண்டார். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஆறு அப்படியே நிறைந்து கிடந்தது. எங்கள் படகில் நம் கொடி. அந்தப் பக்கத்துப் படகுகளில் அவர்கள் கொடி. மற்றபடி தண்ணீரும் ஒன்றுதான், மேகமும் ஒன்றுதான். திடீரென்று என் போன் சிணுங்கியது. பங்களாதேஷுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று செய்தி. கடிகாரம் அரைமணி நேரம் முன்னால் குதித்துவிட்டது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

நான் அகலை ஏற்றி, முடிச்சை வாழைமட்டையில் வைத்துத் தண்ணீரில் விட்டேன். படகுக்காரர், "ஓ தீதி, என்ன அது?" என்று பதறினார். "பூஜை, பூஜை" என்றேன். கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு அது. தண்ணீர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று காவிரிக்காரிக்கு என்ன தெரியும்? மட்டை நேராக எதிர்க்கரையைப் பார்த்துப் போனது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் துடுப்பால் அதை இழுத்து, மஞ்சள் துணியை அவிழ்த்துப் பார்த்து, எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். என் பெண் அசடும் பதிலுக்குக் கை அசைத்தது.

அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் காவல் படகு ஒன்று சீறிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றது. துப்பாக்கியோடு நாலு பேர். படகுக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார். நானும் பூஜைக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"உதர் க்யா பேஜா?" அந்தப் பக்கம் என்ன அனுப்பினாய் என்று கேட்டார் அதிகாரி. மரியாதையாகத்தான் கேட்டார், மேடம் என்றுதான் சொன்னார். நான் சீப்பு, கண்ணாடி, கருகமணி என்று அடுக்கினேன். ஆற்றுக்குச் சீப்பு எதற்கு என்றார். ஆற்றுக்கு மசக்கை என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது? ஆறு கர்ப்பமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். எங்களைக் கரைக்குக் கொண்டுபோனார்கள்.

கொட்டகையில் ஒரு பெண் காவலர் இருந்தாள், வங்காளி. மகளிடம் பேர், ஊர், வயது கேட்டாள். நான் சொன்ன பொய் மகளுக்குத் தெரியாது. பத்தொன்பது என்றாள், பளிச்சென்று. அந்தப் பெண் ரிஜிஸ்டரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பேசவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் பயத்தில் கடகடவென்று காக்கிமாவின் வங்காளத்தைக் கொட்டினாள். அந்தப் பெண் எழுந்துபோய் அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா மதராஸி சார். ஆனால் இந்தப் பெண்ணின் பேச்சு அந்தக் கரைப் பேச்சு.

அந்த நாட்களில் செய்திகளில் இதே பேச்சுதான்: வங்காளம் பேசுகிறாய், காகிதம் எங்கே என்று எங்கெங்கோ ஆட்களைப் பிடித்து வைத்த கதைகள். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே நானும் பார்த்திருக்கிறேன், யாருக்கோ நடக்கிறது என்று சேனலை மாற்றியிருக்கிறேன். இப்போது என் பெண் காகிதம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். வயதில் பொய் சொன்னது பெற்றவள். பெற்றவள்தானா என்பதே இப்போது கேள்வி. "என் பொண்ணு சார், நான் பெத்த பொண்ணு சார்" என்று தமிழிலேயே கத்தினேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் போகவில்லை. என் போன் இன்னும் அந்த நாட்டு நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி யாரையோ கூப்பிட்டனுப்பினார். வந்தவர் முப்பது வயது இருக்கும், கறுத்த முகம், மெல்லிய மீசை. "அக்கா, நீங்க தமிழா?" என்றார். ஐயோ சாமி, வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தேனிப் பக்கமாம். மஞ்சள் முடிச்சைச் சொன்னதும், "அட, பதினெட்டாம் பெருக்கு!" என்று அதிகாரிக்கு ஹிந்தியில் விளக்கினார். அதிகாரி தலையை ஆட்டினார். ஆனால் விரல் மகள் பக்கமே திரும்பியது. இந்தப் பெண்?

"தங்கச்சி, தமிழ் பேசுவியா?" என்றார் அவர்.

மகள் வாயைத் திறந்தாள். வங்காளம் வந்தது. மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள், ஒன்றுமே வரவில்லை. "பேசுடி! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, நீங்க வெளிய நில்லுங்க. சொல்லிக் குடுக்கற மாதிரி ஆயிடும்."

வெளியே படகுத்துறையில், பெண் காவலர் பக்கத்தில் நின்றேன். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு சொல் கேட்கவில்லை. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன், காளிகாட்டுக்கு வேண்டிக்கொண்டேன். அவளைத் தனியாக எங்காவது கொண்டுபோனால் நான் எந்த வண்டி பின்னால் ஓடுவேன் என்று யோசித்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

தேனிக்காரர் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலையில மகள எப்படி எழுப்புவீங்க? சொல்ற வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

பக்கத்தில் அந்தப் பெண், வாசலில் அதிகாரி. நல்ல தாய் என்று தெரிய வேண்டாமா? "என்ன சொல்வேன்... கண்ணு, எந்திரிமா, விடிஞ்சிடுச்சும்பேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்படியா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. உள்ள அவங்க வேற மாதிரி சொல்றாங்களே."

உயிரே போய்விட்டது. காலையில் ஒரு பொய், இப்போது இன்னொன்று. என் வாயாலேயே என் பெண்ணை அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். மானமாவது மண்ணாவது. தகரக் கொட்டகை அதிர, தினமும் ஏழு மணிக்குக் கத்துகிற குரலிலேயே கத்தினேன்: "எந்திரிடி எருமமாடே! மணி ஏழாவுது! ஒன்னயப் பெத்ததுக்கு ஒரு தென்னம்புள்ளய வச்சிருந்தா எளநியாவது குடிச்சிருப்பேன்!"

கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேனிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எருமமாட்டுலேருந்து எளநி வரைக்கும் ஒரு எழுத்து மாறல சார்" என்று அதிகாரிக்கு ஹிந்தியிலும் சொல்லிச் சிரித்தார். தமிழில் உங்கம்மா என்ன பேசுவாங்க என்று அவர் கேட்டாராம், மகள் இதைச் சொன்னாளாம். குரலைக்கூட அப்படியே பிடித்துச் சொன்னாளாம். "சந்தேகமே இல்ல அக்கா, ஒங்க பொண்ணுதான்."

அதிகாரி சிரிக்கவில்லை. முகவரி, போன் நம்பர் எழுதிக்கொண்டார், படம் எடுத்துக்கொண்டார். எல்லையில் பொய் சொல்லாதீர்கள் மேடம், எங்களுக்கு வேறு வழியில்லாமல் போய்விடும் என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கும்போது அது நழுவிக் கீழே விழுந்தது. மகள்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சித்திரான்னத்தை இரண்டு பேருமே தொடவில்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள், சின்னப் பிள்ளையில் சாய்ந்ததற்கு அப்புறம் இப்போதுதான். பசிர்ஹாட் தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன்.

"ஏன்டி, நான் ஒங்கிட்ட தமிழ்ல வேற ஒண்ணுமே சொன்னதில்லையா? நல்லதா ஏதாவது? அது ஒண்ணும் ஞாபகம் வரலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, குத்தலும் இல்லை.

"இரும்மா, யோசிக்கிறேன்" என்றாள், தமிழில்.

பாராசாத் வந்தது, டம்டம் வந்தது. சியால்டா வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.