இருவர் கையிலும் பிளாஸ்திரி

எண்பதுகளின் தொடக்கத்தில், என் மகளின் தைராய்டு சோதனைக்காகப் சிங்கப்பூரில் புக்கிட் மேராவிலிருந்து பஸ் ஏறி ஒரு குழந்தைகள் கிளினிக்குக்குப் போய்வருவேன். உடம்பே தன் சுரப்பியை எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் அது. வீட்டில் மாமியாரோ நோயை விட்டுவிட்டு, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். என் பக்கம் என்று முடிவாகியும் விட்டது.

அந்தக் கிளினிக்கில்தான் ஓர் அம்மாளைப் பார்த்தேன். குட்டையான உருவம், பெரிய சிரிப்பு. கையில் எப்போதும் கச்சாங் பூத்தே என்ற வறுகடலைப் பொட்டலம். இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் இரட்டைப் பெண்கள். இருவர் கையிலும் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரி.

"ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டேன்.

"ஒருத்திக்குத்தான் தைராய்டு. இன்னொருத்தி தனக்கும் பிளாஸ்டர் வேணும்னு அழுவா லா. நர்ஸ் அவளுக்கும் ஒட்டி விட்டுடுவாங்க."

மாமியாரின் ஆராய்ச்சியைச் சொன்னேன். சிரித்தார்.

"எங்க வீட்லயும் கேட்டாங்க. ரெண்டும் ஒரே கருவுல பிரிஞ்சது. அதே அப்பா, அதே அம்மா. ஒருத்திக்கு மட்டும் உள்ள ஏதோ சுவிட்ச் ஆன் ஆயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. யாரு தட்டுனாங்கன்னு அவருக்கே தெரியல. இப்ப எந்தப் பக்கம்னு உங்க மாமியாரையே சொல்லச் சொல்லுங்க."

மாலையில் வீட்டில் அப்படியே ஒப்பித்தேன்.

"அந்தப் பொண்ணுங்களோட அப்பாவுக்கு எந்த ஊரு?" என்றார் மாமியார்.

அதற்குப் பிறகும் அந்த அம்மாளைப் பலமுறை பார்த்தேன். அந்த இருவரில் நோய் யாருக்கு என்பதை மட்டும் கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ஒருமுறைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.