சொல்லையும் அள்ளலாம்

காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் செக்ஷன் எலக்ட்ரீசியன் சைக்கிளை விட்டு இறங்கி, "நம்ம ஃபோர்மேன் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு" என்றார். ஷிஃப்ட்டை விட முடியாதவர்கள் பஸ் ஏறினார்கள். நான் ஏறவில்லை. ஃபோர்மேன் வேலுச்சாமியின் குவார்ட்டர்ஸ் இரண்டு தெரு தள்ளித்தான். நடந்தே போனேன்.

இறந்தவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். இவரைப் பற்றி அப்படி எழுதினால், "என்னவே, ஆள மாத்தி எழுதுதீரு?" என்று அவரே எழுந்து வந்து கேட்பார். அவரோடு பம்பு செக்ஷனில் இருந்த உங்களுக்கெல்லாம் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் நல்ல மனிதர் இல்லை. கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் சாக்கடை. நல்லவராக அவர் பிறகுதான் ஆனார், அதுவும் பாடுபட்டு.

எங்கள் சுரங்கத்தில் நிலக்கரி இன்னும் கண்ணில் படாத காலம் அது. நாங்கள் மேலே மண்ணை வெட்ட வெட்ட, அடியிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பம்பு நின்றால் குழி குளமாகிவிடும். ஒரு நாள் நின்றுவிட்டது. பார்த்துக்கொள்ள வேண்டிய முருகேசன் அங்கே இல்லை. கம்மாபுரத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆள் அவன். சாப்பாட்டு நேரத்துக்கு, உடம்பெல்லாம் சேறாகத் தள்ளாடிக்கொண்டு கேன்டீன் கொட்டகைக்குள் வந்தான். வேலுச்சாமி எழுந்து நின்றார். "குடிச்சிட்டு எங்கலே உருண்டு கெடந்த? உனக்கெல்லாம் ஒரு வேலை!" இன்னும் என்னென்னவோ. முருகேசன் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். மொத்த கேங்கும் சோற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

மாலையில்தான் எலக்ட்ரீசியன் சொன்னார். பம்பு நின்றதும் முருகேசன் எலக்ட்ரீசியனைத் தேடிக் குழியின் அந்தக் கோடி வரை சேற்றில் ஓடியிருக்கிறான். தள்ளாட்டம் அந்தக் களைப்பு. மறுநாள் வேலுச்சாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சிட்டேன், மனசுல வச்சுக்கிடாத" என்றார். அவன் தலையாட்டினான். விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு நானும் அவரும் சீட்டாடிக்கொண்டிருந்தபோது முருகேசன் வாசலில் வந்து நின்றான். திருவதிகையில் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா எங்கள் கேங்கிலேயே வேலை செய்கிறவர். கேன்டீனில் கேட்டதை அவர் ஊரில் சொல்ல, குடிகாரனுக்குப் பெண் இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

"எங்கிட்ட தனியா சொன்னீங்க, சரிங்க. ஆனா அவங்க காதுல வுழுந்தது அப்பிடியே கெடக்குதுங்களே. ஊரே பேசிக்கினு கெடக்குது" என்றான். குரல் உயரவே இல்லை.

அவன் போன பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நான், "நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? விடுங்கள்" என்றேன்.

அவர் சீட்டைக் கீழே வைத்தார். "அள்ளிப் பாத்தீரா வே?"

மறுநாள் அதே கொட்டகை, அதே சாப்பாட்டு நேரம். எழுந்து நின்றார். "போன வாரம் இதே எடத்துல நின்னு முருகேசனைக் குடிகாரன்னு சொன்னேன். அது பொய். பம்பு நின்னதும் ஆளைக் கூப்பிட ஓடியிருக்கான். தப்பு என்னோடது." ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் காது சிவந்துபோனது, ஆனால் உட்காரவில்லை. மேலதிகாரி ஒருவர் அன்றே கூப்பிட்டு, கான்ட்ராக்ட் ஆளிடம் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு உன் பேச்சை எவன் மதிப்பான் என்று கடிந்தார். "நல்ல பதிலு ஒண்ணு தோணிச்சு வே. ஆனா பஸ் ஏறினப்புறம்லா தோணுது" என்றார் என்னிடம்.

அத்தோடும் விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பண்ருட்டி போய், திருவதிகைக்கு நடந்தார். பெண்ணின் தகப்பனார் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் கூடியவர்கள் முன்னால் வேலுச்சாமி திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்த தகப்பனார், "இனிமே அந்தப் புள்ளைய ஒருத்தரும் குடிகாரன்னு சொல்ல மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்புங்க. ஆனா பொண்ணுக்கு வேற எடத்துல தட்டு மாத்திட்டோமுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் வேலுச்சாமி, "எல்லாம் வரல வே. கொஞ்சம் மண்ணோட போச்சு" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகும் அவருக்குக் கோபம் வரும். வராமல் இருக்குமா, பிறவிக் குணம்! வந்தால் ஆளைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போவார். "திட்டணும்னா தனியா, மன்னிப்புன்னா நாலு பேரு முன்னால" என்பார். ஆண்பிள்ளை என்றால் மீசையை முறுக்குவது என்று நினைத்திருந்த எங்கள் நடுவில், அவர் இப்படி மாறியதைப் பலர் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு முருகேசனுக்கு வேறு ஊரில் பெண் அமைந்தது. கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் பரிமாறிவிட்டு வந்தார்.

வேலுச்சாமியின் பாடையைத் தூக்குவதற்குமுன் முருகேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இப்போது அவன் பெர்மனென்ட், தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. பிணத்தின் காலடியில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அந்தப் பொண்ணு போனதுல எனக்கு இவர் மேல கோவம் இருந்துச்சுங்க. இத்தினி வருசமா உள்ளாறவே வெச்சிக்கினு இருந்தேன், இவருகிட்ட சொல்லல. இப்ப எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு இவர் மேல ஒண்ணும் இல்ல."

பிறகு அவனே முதல் ஆளாகத் தோள் கொடுத்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். யாரையாவது சுடுசொல் சொல்லிவிட்டு, போனால் போகிறது என்று நகரப் பார்க்கும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து நிறுத்துகிறார், பாவி மனுஷன்: "அள்ளிப் பாத்தீரா வே?"