அரை மாத்திரையின் வரைபடம்

பிடிபட்ட சரக்கு என்ன போதைப்பொருள் என்று சொல்ல எங்கள் ஆய்வகத்தில் நான்கு பேர் இருக்கிறோம். அதில் கலந்திருக்கும் அழுக்கைப் படிக்க, எங்களுக்கெல்லாம் மூத்தவரான அக்கா ஒருவர்தான். காய்ச்சியவன் எந்தத் திரவத்தை ஊற்றினான், எங்கே பொறுமையிழந்து சூட்டைக் கூட்டினான், எல்லாம் அந்த அழுக்கில் தங்கியிருக்கும். இயந்திரம் அதை முகடு முகடாகத் தாளில் வரைந்து தரும். இரண்டு இடங்களில் பிடித்த சரக்கின் முகடுகள் ஒத்துப்போனால் இரண்டையும் செய்தது ஒரே கை. "போதை எல்லாருக்கும் ஒண்ணுதான்டா, அழுக்குதான் ஆளுக்கு ஆள் மாறும்" என்பார். பத்தொன்பது வருடமாக இதே வசனம். சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்வார் என்பதால் சிரித்துவிடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் மாத்திரை தின்று செத்தான். சட்டைப்பையில் மிச்சம் அரை மாத்திரை இருந்தது. அது எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. சொந்தக்காரர் வழக்கைத் தொடக்கூடாது என்பது விதி, அதனால் என்னிடம் கொடுத்தார்கள். நான்காம் நாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அழவில்லை. யாராவது துக்கம் கேட்டால், "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு உறை பிரிப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் மரத்துப்போனது.

போன மாதம் ஒரு கிடங்கிலிருந்து மூட்டை மூட்டையாக மாத்திரை பிடித்தார்கள். செய்தவனும் சிக்கினான். அக்கா அதன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவனோட தாளைக் கொண்டா" என்றார். எவனுடையது என்று கேட்காமல் பையனின் அரை மாத்திரைத் தாளை எடுத்து வந்தேன். இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். மற்றவர் சரக்கில் வராத ஒரு குட்டி முகடு, இரண்டிலும் அதே இடத்தில் நின்றது.

"இவன்தான்டா" என்றார். இரண்டு வருடத்தில் அவர் குரலில் உயிர் இருந்தது அப்போதுதான். "நான் எழுதக்கூடாது. நீ எழுது."

நான் ஒரு வரி எழுதினால் கிடங்குக்காரன்மேல் சாவு வழக்கும் சேரும். எழுதத்தான் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், இயந்திரத்தில் எதற்குப் பின் எதை ஓட்டினோம் என்ற பழைய பட்டியலைப் புரட்டினேன்.

ஒரு மாதிரியை இயந்திரத்தில் ஓட்டியதும் வெறும் கரைப்பானை ஓட்டிக் குழாயைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் முந்தினதன் மிச்சம் அடுத்ததில் ஏறிக்கொள்ளும். பையனின் மாத்திரையை ஓட்டிய அன்று நான் கழுவவில்லை. அக்கா வேலைக்குத் திரும்புவதற்குள், அவர் கண்ணில் படாமல் முடித்துவிடும் அவசரம். பட்டியலில் அரை மாத்திரைக்கு முந்தின வரியில் வேறொரு வழக்கின் சரக்கு. அதன் தாளைத் தேடி எடுத்தேன். அந்தக் குட்டி முகடு அதில் மலைபோல் நின்றது. கிடங்குக்காரனின் பழைய சரக்கு அது. பையனின் மாத்திரையில் அந்த முகடு இருந்ததா இல்லையா, இனி யாராலும் சொல்ல முடியாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்தேன் என்பதை ஏன் ஒளிக்க வேண்டும்? ஆனாலும் மூன்று தாளையும் அவர் மேஜையில் வைத்தேன்.

"அன்னிக்கு நான் கழுவலைக்கா."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்துவார் என்று நின்றேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று தாளையும் நிதானமாகப் பார்த்தார்.

"மாத்திரை மிச்சம் இருக்கா?"

"இல்லக்கா. முழுசையும் கரைச்சுட்டேன்."

"சரி. அப்படியே எழுது."

அவர் எதிரிலேயே எழுதினேன்: 'குழாய் கழுவப்படாததால் ஒப்பீடு செல்லாது.' கையெழுத்துப் போட்டேன். எனக்கு வெட்கம்கூட வரவில்லை. கிடங்குக்காரன்மேல் மாத்திரை விற்ற வழக்கு இருக்கிறது, உள்ளேதான் போவான். பையனின் கணக்கில் மட்டும் யாரும் இல்லை.

தாளை உறையில் போடும்போது அக்கா கேட்டார்.

"அந்த மாத்திரை என்ன கலர்ல இருந்துச்சு?"

"வெளிர் மஞ்சள்க்கா."

"காய்ச்சல் மாத்திரையக்கூட முழுங்க மாட்டான்டா" என்றார். "பொடிச்சு, தேன்ல கொழச்சுத்தான் குடுப்பேன்."