கூடலூரில் வைத்த பை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். காரில் ஏறி உட்கார்ந்ததும் நான் பார்த்தது அப்பாவின் கையை. கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. எடுத்தால்தான் கதவைச் சாத்த முடியும்.

"கூடலூர்ல அத்தை வீட்டுல நின்னு பையை எடுத்துக்கோ. மறந்துறாத," என்றார். பிறகு கையை எடுத்தார்.

கம்பத்திலிருந்து கொச்சி விமான நிலையத்துக்கு மலை ஏறி இறங்க ஐந்து மணி நேரம் ஆகும். விமானம் இரவு எட்டரைக்கு. நானும் எட்டு வயது மகள் யாழினியும் டப்ளினுக்குக் குடிபோகிறோம். அங்கே செவிலியராக வேலை பார்க்கும் என் மனைவி செல்வியை யாழினி நேரில் பார்த்து இரண்டரை வருடமாகிறது. விசா தாமதமாகத்தான் கிடைத்தது. அயர்லாந்துக்குள் நுழைய எங்களுக்குக் கடைசி நாள் சனிக்கிழமை. இந்த விமானத்தை விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பை என்று அப்பா சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், கொச்சியோ மேற்கே இருக்கிறது. பரிகாரமாக, பயணியின் பொருள் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் அந்தத் திசையில் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். முந்தின நாள் அப்பா அப்படி ஒரு பையைப் பேச்சியம்மாள் அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. வழக்கமாக வைப்பது வேட்டி, துண்டு.

பெட்ரோல் பங்க்கில் ஓட்டுநர் சாகுலுக்கு ஒரு அழைப்பு வந்தது. குமுளி மலைச்சாலையில் பாறை சரிந்து கார்களை நிறுத்திவிட்டார்கள். பைக் மட்டும் ஒவ்வொன்றாகப் போகிறதாம்.

"கம்பம்மெட்டு ரோட்டுல ஏறிருவோம்ணே. ஆனா அந்த வழியில கூடலூர் வராது."

"வேட்டி துண்டுதானே, விடு," என்றேன்.

கார் திரும்பியது. திராட்சைத் தோட்டங்கள் கீழே போயின. கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கியிருந்தது. கேரளச் சோதனைச் சாவடியைக் கடந்தபோது மணி பதினொன்று.

வண்டன்மேட்டுக்குச் சற்று முன்னால் செல்வி அழைத்தாள். அங்கே விடியாத நேரம். "பாஸ்போர்ட் நம்பரைப் பாத்துச் சொல்லுங்க. செக்-இன்னை நானே போட்டுர்றேன்."

கைப்பையைத் திறந்தேன். விசா கடிதம், டிக்கெட், யாழினியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தன. பாஸ்போர்ட்டுகள் இல்லை. முதல் நாள் காலையில் நானே அதற்குள் வைத்தவை. செல்வியிடம் பிறகு அழைப்பதாகச் சொல்லிவிட்டு அப்பாவை அழைத்தேன்.

"பரஸ்தானப் பையிலதான் இருக்கு," என்றார். "துணிய வச்சா துணிதான போகும்? எது இல்லாட்டி நீ போக முடியாதோ அதத்தான்லே வைக்கணும்."

சாகுல் வண்டியை ஓரம் கட்டினான். அத்தையை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். ஐம்பத்தைந்து வயது, சொந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு உரமூட்டையைத் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிப் போகிறவர்.

"பை இங்கனதான் இருக்கு, சாமி ரூம்ல. நீ எங்கனலே இருக்க?"

"வண்டன்மேட்டுக்குப் பக்கம். அத்தை, கம்பம் வழியா யாருகிட்டயாவது உடனே குடுத்து அனுப்புங்க."

"கம்பத்துக்கா? பரஸ்தானம் வச்ச பை வந்த வழி திரும்பக் கூடாதுலே. நான் குமுளி வழியா கொண்டாறேன்."

"பாறை விழுந்து கிடக்கே அத்தை!"

"பாறை ரோட்டுலதான விழுந்திருக்கு. என் வண்டி மேலயா விழுந்திருக்கு?" அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

வண்டன்மேட்டில் ஏலக்காய்க் கடைகளுக்கு எதிரே ஒரு டீக்கடையில் காத்திருந்தோம். டீ பன்னிரண்டு ரூபாய். யாருக்கும் இறங்கவில்லை. ஒன்றரைக்குள் கிளம்பினால்தான் கணக்கு சரிப்படும் என்றான் சாகுல். இனி நானே கூடலூர் போய்த் திரும்புவதற்கும் நேரமில்லை. அத்தையின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது, தமிழில், பிறகு மலையாளத்தில்.

"பிளேன் நமக்காக நிக்குமாப்பா?" என்றாள் யாழினி.

"நிக்காது பாப்பா," என்றான் சாகுல். "அது நம்ம ஊரு மினிபஸ்ஸா, கை காட்டுனா நிறுத்துறதுக்கு?" அவள் சிரிக்கவில்லை. அவனும் அடுத்த நிமிடம் எழுந்து போய்ச் சாலையைப் பார்த்து நின்றான்.

மழை பிடித்தது. ஒன்று இருபத்தைந்துக்குக் குமுளிப் பக்கமிருந்து ஸ்கூட்டர் வந்தது. அத்தை முழுக்க நனைந்திருந்தார். பை மட்டும் உரச் சாக்குக்குள் காய்ந்திருந்தது.

"மலையடியில, லோயர் கேம்ப்ல போலீஸ்காரக மறிச்சாக. 'எங்கம்மா இந்த மழையில?'ன்னாக. அயர்லாந்துக்குன்னேன். சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாக," என்றார். "முதல்ல பிரிச்சுப் பாருலே. ரெண்டும் இருக்கா?"

இருந்தன.

"டீயாவது குடிங்க பெரியம்மா," என்றான் சாகுல்.

"டீ நான் குடிச்சுக்கிருவேன். நீ வண்டிய எடு தம்பி." யாழினியின் தலையில் ஈரக்கையை வைத்தார். "ஏறு ஆத்தா." கண்ணாடி வழியாக நான் திரும்பிப் பார்த்தபோது புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

இடுக்கி, தொடுபுழை, மூவாற்றுப்புழை. சாகுல் எங்கும் நிறுத்தவில்லை. மலை இறங்கும்வரை மழை விடவில்லை. பெரும்பாவூர் நெரிசலில் ஒரு மணி நேரம் போனது. விமான நிலைய வாசலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அடைந்தோம். கவுண்டரில் எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

டப்ளினில் சனிக்கிழமை பகல். குடியேற்ற அதிகாரி விசாவின் தேதியைப் பார்த்தார், தன் கணினியைப் பார்த்தார், இன்னொரு முறை விசாவைப் பார்த்தார். இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்தது.

தானாகத் திறந்த கதவுக்கு அப்பால் செல்வி நின்றிருந்தாள். முழங்காலிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். யாழினி எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.