கிணற்றுத் தண்ணீரில் கத்தரி வேர்

அக்கா முதன்முதலில் எனக்குக் காட்டியது ஒரு கத்தரி இலை. கண்ணாடிக் குப்பிக்குள் கிடந்த அந்த இலையின் கீறலிலிருந்து பூனை மயிர்போல் வெள்ளை வேர்கள் முளைத்திருந்தன. "மண்ணுல இருக்கிற பாக்டீரியா பண்ற வேலை இது. காயத்து வழியா பூந்து, தன்னோட மரபணுல கொஞ்சத்தை செடிக்குள்ள சொருவிட்டுப் போய்டும். அப்புறம் வேரா வரும், நிக்கவே நிக்காது," என்றார். வேர் வந்ததும் மருந்து போட்டு அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடுவோம். அது செத்த பிறகும் வேர் வளரும். இலை வேண்டாம், தண்டு வேண்டாம், மண்ணும் வேண்டாம். சர்க்கரை கரைத்த நீர் போதும்.

வேலூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் அக்கா எனக்கு சீனியர். ஊர் ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றங்கரை. தோல் ஆலைகளின் குரோமியக் கழிவு இறங்கிக் கிணறு கெட்டதில் அவருடைய அப்பாவின் முள்ளுக்கத்தரி கருகிப்போயிருந்தது. நிலத்தை விற்கச் சொல்லி ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். "அந்தத் தண்ணில ஒரு வேர் பொழைச்சா போதும், விக்காதப்பான்னு தைரியமா சொல்லுவேன்," என்பார். அப்பா எடுத்துவைத்த விதையில் வந்ததுதான் அந்த இலையே. ஆய்வகத்தில் அளந்து கரைத்த குரோமிய நீரில்தான் சோதிக்கவேண்டும் என்பது பேராசிரியரின் சட்டம். அக்கா கேட்பாரா? ஊருக்குப் போகும்போதெல்லாம் கேனில் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். வடிகட்டி, தனிக் குப்பிகளில் ஊற்றுவார். வேர்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறிச் சாகும். "சனியன்!" என்று திட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

ஒரு தடவை ஒரு குப்பி மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மறு வாரமும் அப்படியே. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். உடனே அப்பாவுக்குப் போன் போட்டார். பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. "நேத்தே கையெழுத்து போட்டுட்டாராம். சொன்னா நான் பேஜாராவேன்னு சொல்லலையாம்," என்றார். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது அக்கா சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில். அப்பாவும் அவரோடு அடுக்குமாடி வீட்டில். இங்கே நான் மட்டும். துணைக்கு ஏசி சத்தம்தான். அந்த வேரின் நுனியை வெட்டி மாதாமாதம் புதுக் குப்பிக்கு மாற்றுகிறேன். யாரும் கேட்கவில்லை. தூக்கிப்போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். சில நாள் அதனோடு பேசுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

போன வாரம் அக்கா வீடியோ காலில் வந்தபோது குப்பியைக் காட்டினேன். பின்னாலிருந்து அப்பா எட்டிப்பார்த்தார்.

"நம்ம கத்திரியா அது?"

"ஆமாப்பா," என்றார் அக்கா.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வேர் நல்லாத்தான் உட்டுருக்குது. எப்பம்மா நடலாம்?"