சாப்பாட்டு மேசையில் ஒரு தாளப் பெட்டி

ஹோட்டல் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் செய்கிற வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து கைகளைச் சேர்க்க வேண்டும். பல வருடங்களாக எனக்கு எதிர்முனையைப் பிடித்தவர் அக்கா. எனக்கு உறவு ஒன்றுமில்லை. அந்தக் கூடத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான்.

நாற்பது வயதில் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தார், காது போய்விட்டது. அவர் வேலைக்குத் திரும்பியபோது எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நாங்கள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றோம். அவரே ஆரம்பித்தார்.

"இனிமே என்னைப் பத்திப் புறம் பேசறதுக்கு வெளியே போக வேண்டாம். இங்கேயே முதுகைத் திருப்பிக்கிட்டுப் பேசலாம். நான் இப்ப டமாரச் செவிடு."

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள மெல்ல மெல்லப் பழகினார். விரிப்பு மடிக்கும்போது முகத்துக்கு முகம் நிற்போம் என்பதால் எங்கள் பேச்சு நிற்கவில்லை. அவருடைய ஆட்டம்தான் நின்றுபோனது. அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நடன அரங்கில் அவரைப் பார்க்கலாம். அங்கே ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறவர் அவருடைய கொழுந்தன்தான். காய்ச்சலுக்குப் பிறகு ஒரே ஒரு முறை போய்விட்டுப் பாதியில் திரும்பிவிட்டார். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து ஆடுவது, பக்கத்து இலையைப் பார்த்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

கொழுந்தன் கல்யாணமாகாதவர், அக்காவோடும் அவர் கணவரோடும் ஒரே வீட்டில்தான் இருந்தார். மூடப்போகிற ஒரு இசைக்கருவிக் கடையிலிருந்து பழைய டிரம் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்யப்பட்டது அது. கருங்கல் மாதிரி கனம். முனைகளில் சாம்பல் வண்ணம் தேய்ந்து தகரம் தெரிந்தது. முன்பக்கம் நீளமாக ஒரு வரிசைப் பட்டன். ஒவ்வொன்றிலும் குட்டி விளக்கு. எந்தப் பட்டனை அமுக்குகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். ஓடவிட்டால் விளக்குகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போய், திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

அவர் அறையில் ஒயர்கள் குவிந்து கிடந்ததால் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பெரிய ஸ்பீக்கரை மேசைக்கடியில் தள்ளினார். அக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். தட்டை எங்கே வைப்பது, மடியிலா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கொழுந்தன் பெட்டியை ஓடவிட்டுவிட்டுக் காபி போடப் போயிருந்தார். மேசை துடைக்க வந்த அக்காவின் கை பாதியில் நின்றது. அந்த மெஷினில் பெரிய டிரம்மின் சத்தம் கனமாக, இழுத்து ஒலிக்கக்கூடியது. அது மரத்தின் வழியே ஏறி அவர் முழங்கை வரை வந்தது. எந்த இடத்து விளக்கு எரிகிறதோ அதே நேரம் கையில் அடி விழுந்தது. ஒரு பட்டனை அணைத்தார்; அந்த அடி காணாமல் போனது. வேறொன்றை அமுக்கினார், அடி அங்கே வந்து உட்கார்ந்தது. காபியோடு வந்த கொழுந்தன் பின்னால் நிற்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்னடி சொல்றது, அது சொன்ன பேச்சு கேக்குது" என்று அடுத்த நாள் என்னிடம் சொன்னார். பேச்சுவாக்கில் விரிப்பைக் கீழே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் அவர் இடம் அந்த மேசைதான். அவர் அமைத்த தாளங்களைக் கேட்ட கொழுந்தனுக்கு ஒன்று உறுத்தியது. அவை நடுநடுவே ஒரேயடியாகக் காலியாக இருந்தன. அந்த இடங்களைக் கிண்கிணியென்று ஒரு ஒலியால் நிரப்பினார். புதிய விளக்குகளைப் பார்த்து அக்கா என்னவென்று கேட்டார்.

"ஜால்ரா சத்தம் அண்ணி. இது இல்லாம வெறிச்சோடிக் கிடக்கு."

"எனக்கு ஜால்ரா போட ஆள் வேண்டாம் தம்பி. கையில படாத ஒண்ணை நான் எப்படி வச்சுக்கிறது?"

ஒரு வாரம் சண்டை நடந்தது. தன் குரலின் அளவு அக்காவுக்குத் தெரியாததால் தெருவுக்கே விஷயம் தெரிந்தது. கடைசியில் ஒரே ஒரு கைத்தட்டல் ஒலிக்கு ஒப்புக்கொண்டார். கைத்தட்டுவதைக் கண்ணாலாவது பார்க்க முடியுமே என்றாராம்.

அந்தத் தாளத்தை யாருடையது என்று சொல்லாமலே கொழுந்தன் அரங்கில் போட்டார். அன்று அக்காவும் வந்திருந்தார், நானும் போயிருந்தேன். முதலில் கூட்டம் தடுமாறியது. காலி இடத்தில் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு அந்த இடைவெளியில் தோளைத் திருப்பினார்கள், இடுப்பை அசைத்தார்கள், அடி விழுந்ததும் சேர்ந்து இறங்கினார்கள். சுவரோரம் நின்ற அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் கால் வைத்தார். அடி பாதத்தின் வழியே ஏறி வந்தது. பிறகு ஆடினார். முன்பு ஆடியதைவிட மெதுவாக, ஆனால் யாரையும் பார்க்காமல் ஆடினார்.

இரண்டு வருடம் போனது. பெட்டியைத் தூக்கித் தூக்கிக் கொழுந்தனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நண்பர் ஒருவர் அதன் ஒலிகளையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிக்கொடுத்தார். பழைய மெஷினுக்கு ஈடு எதுவுமில்லை என்று வாய் ஓயாமல் சொல்லிவந்தவர் கொழுந்தன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லாமலே லேப்டாப்பிலிருந்து போட்டுப் பார்த்தார். அக்கா வழக்கம்போல ஆடினார். திரும்பும் வழியில் விஷயத்தைச் சொன்னதும், தனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருந்தது என்றார். கொழுந்தனுக்குச் சப்பென்று போய்விட்டது. பழைய மெஷின்களைச் சேகரிக்கிற ஒருவர் அதைத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தருவதாகச் சொல்லிப் பெட்டியைக் கட்டி வைத்தார்.

அக்கா லேப்டாப் முன் உட்கார்ந்தார். திரையில் அதே பட்டன் வரிசை, அதே விளக்குகள். அம்புக்குறியைக் குறிபார்த்து நகர்த்துவதற்குள் தாளம் ஒரு சுற்று போய்விடும். பெட்டியில் இருந்தது கையளவு ஒலி. இதிலோ நூற்றுக்கணக்கில், எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. அந்த நாட்களில் எங்கள் விரிப்புகள் கோணல்மாணலாக மடிந்தன.

"சத்தம் அதேதான்டி. ஆனா அதுல என் கைக்கு வேலை இல்லை. படத்துல இருக்கிற அடுப்புல சமைக்கச் சொல்றான்."

வீட்டிலும் அதைத்தான் சொன்னார். கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், வாக்குக் கொடுத்தாகிவிட்டதே என்று. பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த கணவர் நேராகப் பெட்டியிடம் போனார். கட்டிய கயிற்றை அவிழ்த்தார், பெட்டியை மேசைமேல் பழைய இடத்தில் வைத்தார், தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் விளிம்பில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். விஷயம் அதோடு முடிந்தது. சேகரிக்கிறவரிடம் கொழுந்தன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அக்கா பெட்டியில் தாளம் அமைப்பார், கொழுந்தன் அதை லேப்டாப்பில் ஏற்றி அரங்குக்குக் கொண்டுபோவார் என்று ஏற்பாடாயிற்று.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் ஒலிப்பது அக்காவின் தாளம்தான். எந்த மெஷின் என்று கேட்டுக்கொண்டு அந்தப் பெட்டியைவிட வயதில் சின்னவர்கள் வருகிறார்கள். அதே அமைப்பில் இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்களாம். ஒருவர் கொண்டுவந்து காட்டினார். அக்கா அமுக்கிப் பார்த்து, பட்டன் நல்லா இருக்கு, கனம்தான் பத்தாது என்று திருப்பிக் கொடுத்தார்.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். முட்டிவலி இருக்கிறது. அரங்கில் பாதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்காலைத் தரையில் பதித்திருப்பார். கணவருக்கென்று நிதானமாக ஒரு தாளம் செய்திருக்கிறார். அது வரும்போது மட்டும் இருவரும் எழுந்து வருவார்கள். உங்களுக்கு ஆட வருமா என்று கணவரை ஒரு தடவை கேட்டேன்.

"எனக்கெங்கம்மா ஆட வருது. அவ எண்ணிச் சொல்றா, நான் நடக்கிறேன்" என்றார்.